அளவெடுத்துச் செஞ்ச மட்டை

உக்காருங்க டாக்டர், உக்காருங்க. வெயில் தாழட்டும், பொறவு போய் ஆடிக்கலாம். இந்த வெயில்ல கோல்ஃப் ஆடறதுக்கு நாம என்ன வெள்ளைக்காரனுங்களா? காப்பி சொல்லட்டுங்களா? சீனி போட்டா, போடாமயா? பல் டாக்டர்கிட்டப் போய் இதைக் கேக்கறேன் பாருங்க!

என்ன கேட்டீங்க? வீட்டம்மாவுக்கு மட்டை செட்டு வாங்கோணும், பெங்களூர்ல ஆளைப் பாத்து அளவெடுத்துச் செஞ்சு குடுக்கறாங்களாமே, அது நம்மளாட்டம் சாதாரண ஆளுங்களுக்குத் தேவைதானான்னு கேட்டீங்க. ஏனுங்க, இதை யாரு உங்க காதுல போட்டது? இருங்க, சொல்லாதீங்க. மருதாசலம். திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறவன், சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு, பந்து அடிக்கறதுக்கு முன்னால ரெண்டு விரலைக் காத்துல நீட்டிப் பாப்பானே, அவன்தானுங்களே?

அவன் என்ற மச்சினன். வீட்டுக்காரி கூடப் பொறந்த தம்பி. அதனால நான் அவனைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா அவன் ஒரு அரைவேக்காடு.

பாருங்க, அவனுக்கு எதையாவது வாங்கணும். ஓடறதுக்கு மிஷின் வாங்கினான், அதுல இன்னைக்கு வேட்டி காயுது. வீணை கத்துக்கறேன்னு தஞ்சாவூர்ல இருந்து வீணை வரவழைச்சான், அது ஹால்ல படுத்திருக்குது. கோல்ஃப்ல என்ன ஆச்சுன்னா, பத்துப் பந்து அடிச்சா எட்டு பந்து வேலிக்காட்டுக்குள்ள. உள்ளே போய்ப் பந்து தேடறவங்களுக்கு முள்ளு எடுத்தே கை மரத்துப்போச்சு. நியாயமா என்ன பண்ணோணும்? காலையில வந்து நூறு பந்து அடிச்சுப் பழகோணும். இவன் என்ன சொன்னான்? "மச்சான், என்ற மட்டை எனக்குச் சரியில்லீங்க. நான் குட்டையா இருக்கேன், மட்டை நெட்டையா இருக்குது"ன்னான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். கேட்டிருக்கீங்கல்ல? அது இவனுக்காகச் சொன்னதுதான்.

நான் சொன்னேன், "மாப்ள, நல்லா ஆடறவனுக்கு அளவெடுத்தா அர்த்தம் இருக்குது. அவன் ஒவ்வொருக்காவும் ஒரே மாதிரி வீசுவான். நீ ஒருக்கா கோடாலி வீசற, ஒருக்கா கொசு அடிக்கற. இதுல எந்த வீச்சுக்குடா அளவெடுப்பாங்க? தப்பாட்டத்துக்கு அளவெடுத்தா அந்தத் தப்பு இன்னும் கச்சிதமா வரும், அவ்வளவுதான்"னு. சொல்லுங்க டாக்டர், இது பேச்சா இல்லையா? வாரத்துக்கு ஒருக்கா வந்து, ஆடிட்டு, ஒரு பொங்கல் வடை சாப்பிட்டுப் போறவனுக்கு எதுக்குங்க அளவு? பல்லு வேற. அளவு தப்பினா சோறு திங்க முடியாது. இது வெளையாட்டுத்தானே.

அது கெடக்கட்டும். அவனுக்காக நான் இவ்வளவு பேச மாட்டேன். அவன் என்னமோ வாங்கிட்டுப் போறான், அவன் காசு. எனக்கு வயித்தெரிச்சல் வேற விசயத்துல.

என்ற வீட்டுக்காரி பேரு சுலோச்சனா. பாத்திருப்பீங்க. இப்பக்கூட ஆறாவது குழிப் பக்கம் பொம்பளைங்க நாலு பேரோட ஆடிக்கிட்டிருக்கறா. நீலக் கலர் சட்டை. அவதான். அவளை இந்த ஆட்டத்துக்குக் கொண்டாந்ததே நான்தானுங்க. அதை முதல்ல மனசுல வெச்சுக்கங்க.

என்ற பையன் நம்ம மோட்டார் கம்பெனிக்கு வந்து உக்காந்துட்டான். "அப்பா, இனி நான் பாத்துக்கறேன், நீங்க ரெஸ்ட் எடுங்க"ன்னான். ரெஸ்ட்டுன்னா என்னன்னே எனக்குத் தெரியாது. மோட்டாரும் பம்பும்தானுங்க என்ற வாழ்க்கை. வீட்ல உக்காந்தா நான் ஒரு பக்கம் பேப்பரு, அவ ஒரு பக்கம் டிவி. கல்யாணமானதுல இருந்து நான் காலையில போனா ராத்திரிதான் வருவேன். அவகிட்ட என்ன பேசறதுன்னே எனக்குத் தெரியலைங்க, நெசமாச் சொல்றேன். அப்பத்தான் தோணுச்சு, இவளையும் கோல்ஃபுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்னு. இங்க வருசா வருசம் ஜோடிப் போட்டி நடக்கும், தெரியுமில்ல? ஒரே குடும்பத்துல ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பந்து. நான் ஒரு அடி, அவ ஒரு அடி. எனக்கு அதுதானுங்க ஆசை. அவளும் நானும் ஜோடியா நடந்து போகணும், ஒரே பந்தை மாத்தி மாத்தி அடிக்கணும். வேற ஒண்ணும் பெரிசா நான் ஆசைப்படலை.

அவளுக்கு மட்டை வேணுமில்ல? கடையில போய்ப் புதுசு வாங்கிக் குடுக்கற ஆளா நான்? என்ற பழைய செட்டு இருந்துச்சு. நல்ல இரும்பு. நான் ஆறடி, அவ என்ற தோளுக்கு வருவா. என்ன பண்ணுனேன்? கம்பெனிக்கு எடுத்துட்டுப் போய், நம்ம ஒர்க்‌ஷாப்புல வைஸ்ல மாட்டி, என்ற கையாலயே ஒவ்வொரு தண்டையும் அறுத்தேன். ஹேக்ஸா பிளேடு போட்டு, பிசிறு இல்லாம அரம் போட்டுத் தேச்சு, ரப்பர் கைப்பிடியைத் திரும்ப மாட்டி! கோயமுத்தூர்ல பொறந்துட்டு இதுக்குப் போய் இன்னொருத்தன்கிட்டக் கை கட்டி நிப்பாங்களா? ராக்கெட்டுக்கே நம்மூர் லேத்துல சாமான் செஞ்சு குடுப்போம். ஒரு சாயங்காலத்துல செட்டு ரெடி. அவகிட்டக் குடுத்தேன். "உங்க மட்டையாச்சுங்களே, கனமா இருக்குதுங்களே"ன்னா. "பழகிட்டா சரியாப் போயிரும் அம்மணி"ன்னேன். அவளும் ஒண்ணும் சொல்லலை. அவ எப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டா, அது ஒரு நல்ல குணம்.

ஆனா ஆட்டம் வரலைங்க. மாசக்கணக்கா ஆடினா, வருசக்கணக்கா ஆடினா. வரலை. எப்ப அடிச்சாலும் பந்து இடது பக்கமே போகும். நேரா நில்லும்பேன், நேரா நிப்பா. தலையைத் தூக்காதம்பேன், தூக்க மாட்டா. பந்து மட்டும் இடது பக்கம். சாயங்காலம் தோள்ல தைலம் தேச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? அவளுக்கு இந்த ஆட்டத்துக்குண்டான அமைப்பு இல்லை. இதை நான் கோவமாச் சொல்லலை, அன்பாத்தான் சொல்லிருக்கேன், அவகிட்டயே. பந்து வேலிக்குள்ள போனாக்கூட நான் திட்டினதே கெடையாது. வெறுமனே ஒரு பெருமூச்சு விடுவேன், அவ்வளவுதான். எத்தனை புருசனுங்க இப்படி இருப்பாங்க?

ஜோடிப் போட்டியில கடைசியா வர்ற ஜோடிக்கு இங்க ஒரு பரிசு உண்டு. நீங்க புதுசு, உங்களுக்குத் தெரியாது. பூசணிக்காய்! ஆமாங்க, நல்ல பெரிய வெள்ளைப் பூசணிக்காய், ரிப்பன் கட்டி, மேடைக்குக் கூப்பிட்டுக் குடுப்பாங்க. எல்லாரும் கை தட்டுவாங்க. வருசா வருசம் அது எங்க வீட்டுக்குத்தான். நானே மைக்கைப் புடிச்சு, "எங்க வீட்டம்மா இதுக்காகத்தான் ஆடறாங்க, மோர்க்குழம்புக்கு ஆகுமில்ல?"ன்னு ஒரு ஜோக்கு விடுவேன். கூட்டமே சிரிக்கும். அவ கையில காயைக் குடுத்து போட்டோவும் எடுக்க வெப்பேன். தோத்தாலும் அதைச் சந்தோசமா எடுத்துக்கோணும், அதுதானுங்க ஸ்போர்ட்டு. அவளும் சிரிச்சுக்கிட்டு நிப்பா. மறுநாள் மோர்க்குழம்பும் வெப்பா. அதுல அவ ஒரு வாய் சாப்பிட மாட்டா. பூசணிக்காய் அவளுக்கு ஆகாது போல.

இப்படி நல்லாப் போய்க்கிட்டிருந்ததுல கல்லைத் தூக்கிப் போட்டவன் மருதாசலம்.

பெங்களூர் போறேன், மட்டைக்கு அளவெடுக்கன்னான். போடான்னேன். "நீங்களும் வாங்க மச்சான், துணைக்கு"ன்னான். சரி, இவன் ஏமாறறதை நேர்லதான் பாப்பமேன்னு நானும் கெளம்பினேன். சுலோச்சனாவும் வந்தா, அவங்க சித்தி பொண்ணு அங்க இருக்குது, பாத்துட்டு வரலாம்னு.

கடையாங்க அது? ஆஸ்பத்திரி! ஏசி போட்டு, நாலு பக்கமும் கண்ணாடி. சுவத்துல பெரிய திரை, அதுல புல்வெளி தெரியுது. பந்தைத் திரையில அடிக்கோணும். அது எத்தனை தூரம் போயிருக்கும், எந்தப் பக்கம் போயிருக்கும்னு கம்ப்யூட்டர் சொல்லும். அடிக்காத தூரத்துக்குக் கணக்கு! சின்னப் பொண்ணு ஒண்ணு, என்ற மருமகளைவிடச் சின்னது, பெங்களூர்த் தமிழ்ல பேசிக்கிட்டு, மருதாசலத்துக்கு உசரம் அளந்து, கையைத் தொங்க விடச் சொல்லி விரல் நுனியில இருந்து தரைக்கு அளந்து, உள்ளங்கையை அளந்து... சம்பந்தி வீட்ல மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுக்கறப்பக்கூட இத்தனை அளவு எடுக்க மாட்டாங்க. மட்டை அடியில ஒரு டேப்பு ஒட்டி அடிக்கச் சொல்லுச்சு. அடிச்சா டேப்புல தடம் விழுகுது. தடம் நடுவுல விழுந்தா மட்டை சரியாம். இவனுக்குத் தடம் ஊர்ப்பட்ட எடத்துல விழுந்துச்சு. "சாருக்குக் கொஞ்சம் பிராக்டிஸும் வேணும்"னு அந்தப் பொண்ணே சொல்லிருச்சுன்னா பாத்துக்கங்க. நான் வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். ஆனாலும் அவன் செட்டுக்கு ஆர்டர் குடுத்தான். அந்தக் காசுக்கு ஒரு பழைய காரு வாங்கிருக்கலாம்.

"சார், நீங்களும் ஒருக்கா நின்னு பாருங்க"ன்னு எங்கிட்டச் சொல்லுச்சு. எனக்கு எதுக்கும்மான்னுட்டேன். அப்புறம் சுலோச்சனாவைப் பாத்து, "ஆன்ட்டி, நீங்க ஆடுவீங்களா?"ன்னு கேட்டுச்சு. இவ "சுமாரா"ன்னா. சுமாரா! எனக்குச் சிரிப்பு. காருல என்ற மட்டையோட இவ மட்டையும் இருந்துச்சு, ஊர்ல இருந்து டிக்கியிலயே கெடக்கும். இந்த மருதாசலம் ஓடிப்போய் எடுத்துட்டு வந்து குடுத்தான். அந்தப் பொண்ணு அதைக் கையில வாங்கித் தண்டு நுனியைப் பாக்குது. "யாரு கட் பண்ணது?"ன்னுச்சு. "நான்தாம்மா. எங்க ஒர்க்‌ஷாப்புல"ன்னேன். அசந்துபோச்சு பாவம், தண்டைத் திருப்பித் திருப்பிப் பாக்குது.

அந்த நேரத்துலதான் போன் வந்துச்சு. பழைய கஸ்டமரு ஒருத்தரு, பல்லடம் பக்கத்துல தோட்டம். மோட்டார் ஒண்ணு அனுப்புங்கங்கறாரு. போர் எத்தனை அடிங்கன்னா, தெரியாதுங்கறாரு. தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னா, அதெல்லாம் எதுக்குங்கறாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரன் போட்ட அதே மோட்டாரைக் குடுங்க போதுங்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! வெளிய வராந்தாவுக்கு வந்து கத்தறேன். "ஏனுங்க, அவரு கிணறு வேற, உங்க கிணறு வேற. ஆழம் பாக்காம, பைப்பு பாக்காம, எவனுக்கோ செஞ்ச மோட்டாரை எறக்கினா அது தண்ணி எடுக்குமா? உள்ளே கம்பிக் காயில் கருகிப்போச்சுன்னா அப்புறம் மோட்டார் மோசம், நாச்சிமுத்து மோசம்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க"ன்னு. முப்பது வருசமா விவசாயிங்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என்ற தொண்டை வத்திப்போச்சு டாக்டர். ஒருத்தனுக்கும் ஏறாது.

பேசி முடிச்சுட்டு உள்ளே வர்றேன், சுலோச்சனா அழுதுக்கிட்டு நிக்கறா.

கையில வேற ஏதோ மட்டை. அந்தக் கடை மட்டை. மெலிசா, லேசா. திரையில பந்து எங்கேயோ நடுவுல போய் நிக்குது. அந்தப் பொண்ணு அவ கையைப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லுது. மருதாசலம் மூக்கை உறிஞ்சறான். எனக்குப் பதறிப்போச்சு. "என்னாச்சு அம்மணி?"ன்னேன். "ஒண்ணுமில்லீங்க"ன்னா. அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு. ஆன்ட்டியோட பழைய மட்டை ரொம்பக் கனமாம், தண்டு ரொம்ப விறைப்பாம், கைப்பிடி அவங்க கைக்குத் தடியாம், தலை தரையில முழுசா உக்காராம ஒரு ஓரம் தூக்கிக்கிட்டே நிக்குமாம், அதனால எப்படி அடிச்சாலும் பந்து இடது பக்கம்தான் போகுமாம். ஆன்ட்டி வீச்சுல தப்பே இல்லையாம். விக்கறவங்க பேச்சு, வேற எப்படி இருக்கும்? "என்ன வெலை?"ன்னேன். சொல்லுச்சு. அப்பத்தான் புரிஞ்சுது இவ எதுக்கு அழுதான்னு. வெலையைக் கேட்டுட்டா, பாவம். சிக்கனமா வளந்தவ. நான் தோளைத் தட்டி, "விடு, நாம எங்க இதை வாங்கப் போறோம், வெசனப்படாதே"ன்னு ஆறுதல் சொன்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. பொம்பளைங்க மனசு இளகினதுங்க.

ஊருக்கு வந்தோம். ஒரு வாரம் போச்சு. அப்புறம் ஒருநாள் வீட்டுக்கு ஒரு நீளப் பொட்டி வருது. மருதாசலத்தோடது வீடு மாறி வந்திருச்சுன்னு நெனச்சேன். பிரிச்சா, உள்ளே பொம்பளை மட்டை. "எங்கம்மா வழியில வந்த தோட்டத்துக் குத்தகை இருக்குதுங்களே, அதுல வாங்கினேன்"ங்கறா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை! தம்பியும் அக்காளும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க. அது போகட்டும். நான் அறுத்துக் குடுத்த செட்டு எங்க போச்சு தெரியுங்களா? கொல்லையில பீர்க்கங்கொடிக்கு ஊணு குச்சி! நல்ல இரும்பு டாக்டர், இங்கிலீஸ் இரும்பு. அதுல பீர்க்கங்காய் தொங்குது.

அதோட விட்டாளா? இந்த வருச ஜோடிப் போட்டிக்கு நம்ம பேரைக் குடுத்துரட்டுமான்னு கேட்டேன். "இந்த வருசம் தம்பியோட ஆடறனுங்க"ன்னா. எனக்குக் கேட்டது சரியான்னு தெரியலை. திரும்பக் கேட்டேன். அதையேதான் சொன்னா. "அப்ப நானு?"ன்னேன். "ஆடி முடிச்சுட்டு வர்றனுங்க, அடுத்த வருசத்துக்கு அப்பச் சொல்றேன்"ன்னா. இத்தனை வருசக் குடித்தனத்துல அவ எங்கிட்ட எதையும் அப்புறம் சொல்றேன்னு சொன்னதே இல்லைங்க.

மருமகளைக் கூப்பிட்டுப் பாத்தேன் ஜோடிக்கு. "மாமா, எனக்கு வெயில் ஒத்துக்காது"ன்னு ஓடிப்போச்சு.

போன மாசம் மொத ஞாயித்துக்கெழமைதான் போட்டி. காலையில இருந்து இதே சேர்லதான் உக்காந்திருந்தேன். பந்து எங்க போகுது, யாரு எத்தனைன்னு நான் எதையும் கேக்கலை. எனக்கு ஒரே சோலி, அவ வந்து என்ன சொல்லுவான்னு தெரியோணும். காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்துச்சு. கடைசிக் குழிக்கு வர்றாங்க. இந்தக் குட்டை இருக்குது பாருங்க, இதைத் தாண்டி அடிக்கோணும், அவ முறை. எங்கூட ஆடறப்ப நான் இங்க எப்பவும், "தாண்டாதே, கரையோரமாத் தட்டி விடு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்"ம்பேன். பக்கத்துல இருந்தவங்ககிட்டச் சொன்னேன், "இப்பப் பாருங்க, தண்ணியில போடுவா"ன்னு. அவ நின்னா. வீசினா. பந்து தண்ணியைத் தாண்டி அக்கட்டால புல்லுல விழுந்து உருண்டுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. காத்து நல்லா அடிச்சுதுங்க அன்னைக்கு.

ஜெயிச்சாங்களா? எங்க! நாலாவது. மருதாசலம் பாதிப் பந்தை வேலிக்குள்ள போட்டான், அளவெடுத்த மட்டையை வெச்சுக்கிட்டு! பூசணிக்காய் வேற யாருக்கோ போச்சு. நாலாவது வந்ததுக்கு அக்காளும் தம்பியும் என்ன சிரிப்பு தெரியுங்களா! வராந்தா பூரா கேக்குது. அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லை. எனக்கு அவ அப்படிச் சிரிப்பான்னே தெரியாது. நாலாவதுக்கு என்னங்க சிரிப்பு?

பக்கத்துல போனேன். வேர்த்து வழிஞ்சு நிக்கறா. மெதுவாக் கேட்டேன், "அடுத்த வருசம் நாம ஆடலாமா அம்மணி?"ன்னு. கூட்டத்துல கேட்டிருக்கக் கூடாது, ஆனா எனக்குப் பொறுக்கலைங்க. அவ யோசிச்சா. அப்புறம் பையில இருந்து அவ மட்டை ஒண்ணை எடுத்து எங்கையில குடுத்தா. "இதுல ஒரு பந்து அடிங்க"ன்னா. அந்தா, அந்தப் பழகற எடத்துல.

எல்லாரும் பாக்கறாங்க. மாட்டேன்னு சொல்ல முடியுமா? வாங்கி நின்னேன். எனக்கு முட்டிக்கு வருது அது. குனிஞ்சு குனிஞ்சு பாக்கறேன், பந்துக்கு எட்டலை. மொத வீச்சு காத்துல போச்சு. ரெண்டாவது, மட்டை பந்தோட உச்சியில பட்டு, அது நாலடி உருண்டு நின்னுச்சு. பின்னால யாரோ கொக்கரிச்சாங்க. மூணாவது வலது பக்கம் திரும்பிப் போய்த் தண்ணி டிரம்முல டங்குன்னு மோதுச்சு. எனக்கு வந்துச்சு கோவம். மட்டையை ஓங்கிப் புடிச்சுக்கிட்டு, அத்தனை பேரு முன்னாலயும் நறுக்குன்னு கேட்டேன். "ஏன் அம்மணி, இது ஒரு நியாயமா? உன்ற உசரம் என்ன, என்ற உசரம் என்ன? உன்ற கைக்குச் செஞ்சதை எங்கையில குடுத்து அடின்னா, எப்பேர்ப்பட்டவனுக்கும் பந்து போகுமா? ஆளு ஆடலைங்கறதா, மட்டை சேரலைங்கறதா, சொல்லு!"

டாக்டர், எல்லாரும் என்னையே பாக்கறாங்க. சிரிச்சவன்கூட நிறுத்திட்டான். மருதாசலம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். பாயிண்ட்டு அப்படி! மறுத்துப் பேச முடியுமா?

சுலோச்சனா மட்டும் கிட்ட வந்தா. "அதேதானுங்க மாமா"ன்னா. அவ்வளவுதான். எங்கையில இருந்து மட்டையை வாங்கி, அதுல ஒட்டியிருந்த மண்ணை முந்தானை மாதிரி அந்தச் சட்டை நுனியிலயே தொடச்சா. "அடுத்த வருசமும் தம்பியோடவே ஆடிக்கறனுங்க"ன்னு சொல்லிட்டுப் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

அவளே ஒத்துக்கிட்டா பாருங்க, அதேதான்னு. வாதத்துல நான்தான் ஜெயிச்சேன். அப்புறம் எதுக்கு இப்படிச் சொன்னா? ஒரு மாசமா யோசிக்கறேன், எனக்கு வெளங்கலை. வீட்ல எல்லாம் எப்பவும் போலத்தான். சோறு போடறா, மாத்திரை எடுத்து வெக்கறா. நான் என்ன குறை வெச்சேன்? ஒரு நாள் கை ஓங்கிருப்பனா, ஒரு வார்த்தை தடிச்சிருப்பனா? இப்ப ஞாயித்துக்கெழமை வந்தா எனக்கு யாருகூட நடக்கறதுன்னே தெரியலைங்க டாக்டர். தனியா ஆடறேன். பந்து நல்லாப் போனாலும் திரும்பிப் பாத்தா ஆளில்லை.

எல்லாம் அந்த மட்டை பண்ணுன வேலை. அதனாலதான் சொல்றேன், அந்தப் பக்கமே போயிராதீங்க. குடும்பத்தைக் கெடுத்துரும். உங்க வீட்டம்மா உங்ககூட ஆடோணுமா, வேண்டாமா? அப்ப உங்க பழைய செட்டு இருக்குமில்ல, வர்ற ஞாயித்துக்கெழமை அதை எடுத்துக்கிட்டு அவங்களையும் கூட்டிட்டு வாங்க. அளவெல்லாம் ஒண்ணும் வேண்டாம். இப்படி ஒருக்கா நிக்கச் சொல்லுங்க, கண்ணால பாத்தே நான் கச்சிதமா அறுத்துக் குடுத்தர்றேன்.